தலைக்கவசங்களைத் துடைப்பவள்

சனிக்கிழமை காலை எனக்கு நாற்பத்தொரு தலைகள்.
ஒரு வாளி, பழைய துண்டு,
மூக்கை எரிக்கும் திரவம்.
இந்தக் கால்பந்தில் காலுக்கு அதிகம் வேலையில்லை.
ஆட்டத்தை நான் பார்ப்பதுமில்லை,
தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொண்டிருப்பேன்.
யார் யாரை எப்படி மறித்தார்கள் என்று
மறுநாள் கவசம் சொல்லிவிடும்.

முகக்கம்பியில் இருந்தால் அது மண்.
உச்சியில் இருந்தால் எதிரணியின் சாயம்:
கார்வில் பள்ளிச் சிவப்பு,
மில்ஃபோர்ட் மஞ்சள்.
நகத்தால் சுரண்டினால் வரும்.

ஐம்பத்துநான்காம் எண், ட்ரெவின் ஓசெக்.
அவன் உச்சியில் மாவட்டத்தின் எல்லா நிறமும் உண்டு.
தரையைப் பார்த்தபடி
கிடா மாதிரி போவான்.
கூட்டம் எழுந்து நிற்கும்.
போன அக்டோபரில் அப்படி முட்டி எழுந்தவன்
நேராக எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.
அங்கிருந்த ஒருவன் நகர்ந்து இடம் கொடுத்தான்.
நாங்கள் சிரித்தோம்.
நானும்தான்.

இந்த ஆகஸ்டில் பயிற்சியாளர் ஹ்ரூஷ்கா அறிவித்தார்:
செவ்வாயும் வியாழனும்
முதல் இருபது நிமிடம் கவசம் கிடையாது.
பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
ஓசெக்கின் அப்பா லாரியிலிருந்து இறங்காமலே கேட்டார்,
"அடுத்த வாரம் சீட் பெல்ட்டையும் அறுத்துவிடலாமா?"

நாற்பத்தொன்றையும் கம்பிவேலியில் மாட்டினேன்.
சோளக்காட்டிலிருந்து வந்த காற்று
காதோட்டைகளில் புகுந்து ஊதியது.

அப்புறம்தான் பார்த்தேன்,
இவர்களுக்கெல்லாம் காது இருக்கிறது.
வியர்வையில் ஒட்டிய முடி, பரு,
மபியோர் டெங்கின் இடது புருவத்தில்
பாதியாய் வெட்டுப்பட்ட ஒரு தழும்பு.
இரண்டு வருடம் அவன் கவசத்தைக் கழுவியிருக்கிறேன்,
அந்தத் தழும்பு எனக்குத் தெரியாது.

பந்தை இடுக்கிக்கொண்டு மபியோர் நின்றான்.
ஓசெக் ஓடி வந்தான்.
இரண்டடி முன்னால் நின்றுவிட்டான்,
யாரோ கதவைச் சாத்தியதுபோல.
"வா, கடிக்க மாட்டேன்."
மறுபடி ஓடினான், மறுபடி கதவு.
மூன்றாம் முறை
கழுத்து தானாக ஒதுங்கியது,
கண் மேலே ஏறியது,
கன்னம் தொடையோரம் சாய,
தோள் போய் இடித்தது, கைகள் சுற்றின.
இருவரும் விழுந்தார்கள், வாயெல்லாம் புல்.
ஹ்ரூஷ்கா அப்போது
விசிலின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று
என்று ஒரு பழமொழி.
இங்கே தலைப்பாகையால்தான்
தலைக்கே வந்தது.

வெள்ளிக்கிழமை கார்விலோடு ஆட்டம்.
எல்லோருக்கும் கவசம் ஏறியது, எல்லோரும் ஒரே முகம்.
அன்று புட்டிகளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன்.
பார்த்தும் ஒன்றும் புரியவில்லை.
ஒரு குவியல், விசில், இன்னொரு குவியல்.

இன்று காலை
ஐம்பத்துநான்கை முதலில் எடுத்தேன்.
உச்சியில் பழைய கீறல்கள் மட்டும்.
சிவப்பு இருந்தது, தோள்பட்டைக் காப்பில்,
வலப்புறம், இருக்கவேண்டிய இடத்தில்.
வாளியைத் தட்டித் தாளம் போட்டேன்.

பிறகு மபியோருடையது.
காதுக்கு மேலே, உள்ளங்கை அகலம், சிவப்பு.
அவன் போய் முட்டியதல்ல.
அவனை வந்து முட்டியது.
செய்தி அனுப்பினேன்.
மதியம் அவன் தங்கை பதில் போட்டாள்:
திரைச்சீலையை மூடச் சொல்கிறான்,
இன்று என்ன கிழமை என்று இரண்டு தடவை கேட்டான்.

கார்விலிலும் இந்நேரம் ஒருத்தி
வாளியோடு உட்கார்ந்திருப்பாள்.
அவள் மடியில் ஒரு கவசம்,
உச்சியில் எங்கள் நீலம்.
நகம் பட்டால் வந்துவிடும்.
கொஞ்சம் பொறு,
பெயர் தெரியாதவளே,
சுரண்டாதே.
அதை யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டு.